யாழ்ப்பாணத்து வெக்கையில் மீன்தொட்டி: சில்லரா, சின்ன ஃபானா?

பங்குனி, சித்திரையில் மீன்தொட்டித் தண்ணீர் 32 பாகையைத் தொட்டதும் யாழ்ப்பாணத்தில் பலருக்கும் வருகிற முதல் யோசனை எதையாவது வாங்குவதுதான். ஐஸ் போத்தல் போடலாமா, ஃபான் பூட்டலாமா, கொழும்பில் இருந்து தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் எடுப்பிக்கலாமா, இல்லாவிட்டால் தொட்டியையே ஏசி அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடலாமா என்று வீட்டுக்கு வீடு கதை நடக்கும். எல்லாமே ஓரளவு வேலை செய்யும். ஆனால் எத்தனை பாகை குறையும், கறண்ட் பில்லில் என்ன ஏறும், கறண்ட் நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். நன்னீர் மீன் வளர்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு மூடியைக் கழற்றி, ஒரு சின்ன ஃபானைப் பூட்டி, ஆவியாகிப் போகிற அளவைச் சரியான தண்ணீரால் நிரப்பினால் போதும். அந்தச் சரியான தண்ணீரில்தான் யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம்.

கணக்குக்கு வசதியாக, வீடுகளில் வழக்கமாகக் காணும் இரண்டடித் தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். நீளம் 2 அடி, அகலமும் உயரமும் ஓரோர் அடி. விளிம்புவரை நிரப்பினால் 56 லீற்றர் பிடிக்கும். கல்லும் மண்ணும் மேலே விடும் இடைவெளியும் போக 50 லீற்றர் என்று வைப்போம்.

சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு தடவை: சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று. இரண்டாவது அவ்வளவு வாட்டாது. வைகாசியில் கிளம்பிய சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அப்போதும் வீசிக்கொண்டிருக்கும். முதல் தடவைதான் மோசம். வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழும்பாத அந்தக் கிழமைகளில் இலை அசையாது. கடல் சூழ்ந்த குடாநாடு என்பதால் காற்றில் ஈரமும் கூட. இரவிலும் 27, 28 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் வரும். மீன்தொட்டிக்கு இந்த இரவு வெப்பம்தான் பெரிய விஷயம். தொட்டித் தண்ணீர் மத்தியான உச்சத்துக்கு உடனே ஏறாது, விடியற்புறக் குளிர்ச்சிக்கு உடனே இறங்கவும் மாட்டாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். இரவு குளிராவிட்டால் அந்த நடு நிலை நாளுக்கு நாள் மேலே போகும். அதனால் காலையிலும் பின்னேரமும் வெப்பமானியைப் பார்த்து எழுதி வைப்பது, மத்தியானம் ஒருதரம் பார்த்துப் பதறுவதைவிடப் பயன் தரும்.

32 பாகையில் மீன் வெந்து சாவதில்லை. பிரச்சினை ஒட்சிசனில்தான் தொடங்குகிறது. 25 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் 7.6 மில்லிகிராம். குறைவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதே வெப்பத்தில் மீனுக்குத் தேவைப்படும் ஒட்சிசன் கூடுகிறது, தொட்டியில் உள்ள பக்டீரியாக்களுக்கும் கூடுகிறது. அதோடு அமோனியாப் பிரச்சினை. மீன் கழிவால் தொட்டியில் சேரும் அமோனியாவில் ஒரு பகுதிதான் கடும் நஞ்சு. தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 8 ஆக இருந்தால் அந்தப் பகுதி 25 பாகையில் 5 வீதத்துக்குச் சற்று மேல், 30 பாகையில் 7.5 வீதம். சுண்ணாம்புக்கல்லில் ஊறிய எங்கள் கிணற்று நீரின் பிஎச் 7-க்கு மேலேதான் நிற்கும் என்பதால் இது பக்கத்து ஊர்க் கதை இல்லை. பின்னேரம் மூன்று மணிக்கு மீன்கள் மேலே வந்து, வாயை நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு, செவுளை வேகமாக அடித்தபடி நின்றால் முதலில் செய்ய வேண்டியது குளிராக்குவது அல்ல. காற்று மோட்டரைக் கூட்டுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். நெருக்கமாக மீன் போட்ட தொட்டி 30 பாகையிலேயே திணறும். நாலைந்து மீன் உள்ள தொட்டி 32-ஐயும் தாண்டிப் பிழைக்கும்.

இனி வழிகளுக்கு வருவோம். காசு செலவில்லாதவற்றை முதலில் முடித்துவிடலாம்.

கண்ணாடி மூடி வெப்பத்தை அடைத்து வைக்கிறது, ஆவியாவதையும் தடுக்கிறது. அதை எடுத்துவிட்டு நுளம்பு வலையை இழுத்துக் கட்டினால் மீனும் துள்ளி விழாது, பூனையும் கை விடாது. லைற்றைப் பகலில் நிறுத்தி, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு நாலைந்து மணித்தியாலம் போட்டால் போதும்; மீனை ஆறுதலாக இருந்து பார்க்கிற நேரமும் அதுதானே. பழைய ரியூப் லைற் என்றால் எல்.ஈ.டி.க்கு மாற்றுங்கள். பலர் கவனிக்காத ஒன்று தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டர். அது இழுக்கிற மின்சாரம் அநேகமாக முழுவதும் கடைசியில் வெப்பமாகித் தொட்டிக்குள்ளேயே சேர்கிறது. 5 வாட் மோட்டர் நாள் முழுக்க ஓடினால், வெளியே இழப்பு எதுவும் இல்லையென்றால், 50 லீற்றரை 2 பாகை சூடாக்கும் அளவு அது. வெளியே நின்று காற்றடிக்கும் மோட்டரும் ஸ்பொஞ்ச் ஃபில்டரும் இந்த விஷயத்தில் நல்லவை. தொட்டி மேற்குச் சுவரை ஒட்டியோ, சீற் போட்ட அறையிலோ நின்றால் அதை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பெரிய பயன் இல்லை. ஓட்டு வீட்டு நடு அறையில், நிலத்துக்குக் கிட்டவாக வைத்த தொட்டிக்குப் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது ஃபான். மண்குடத்துத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் இதுவும்: ஆவியாகிற தண்ணீர் வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோயூல் வேண்டும். 50 லீற்றரை ஒரு பாகை குறைக்க 210 கிலோயூல் போதும். கணக்கின்படி ஒரு லீற்றர் ஆவியானால் 11 பாகை குறைய வேண்டும். அப்படிக் குறையாது, தண்ணீர் குளிரக் குளிர அறைக்காற்றில் இருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஆனாலும் அந்த ஒரு லீற்றரில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை மனதில் வைத்திருங்கள், ஐஸ் போத்தலுக்கு வரும்போது தேவைப்படும்.

ஃபானுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தீர்மானிப்பது காற்றின் ஈரம். பள்ளிக்கூடத்தில் படித்த ஈரக்குமிழ் வெப்பநிலைதான், அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுகிற அளவுதான், அந்த எல்லை. 33 பாகை வெப்பமும் 60 வீத ஈரப்பதனும் உள்ள மத்தியானத்தில் அது 27-க்குச் சற்றுக் கீழே. 32 பாகையும் 70 வீதமும் என்றால் 27.5. எவ்வளவு பெரிய ஃபான் பூட்டினாலும் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. நடைமுறையில் ஒன்றிரண்டு பாகை மேலேயே நின்றுவிடும். ஆகவே யாழ்ப்பாணத்தில் ஃபானிடம் எதிர்பார்க்கக்கூடியது 28, 29 பாகை. "இணையத்தில் 5 பாகை குறையும் என்று போட்டிருக்கிறார்களே" என்றால், அது வரண்ட காற்று உள்ள ஊர்க்காரர் சொன்னதாக இருக்கும். எங்களுக்கு 2, 3 பாகை கிடைத்தால் சரி. நல்ல வேளையாக, பகலில் வெப்பம் உச்சத்துக்குப் போகும்போது காற்றின் ஈரப்பதன் நாளிலேயே குறைந்த நிலைக்கு வருகிறது. தேவை கூடுகிற நேரத்திலேயே ஃபானின் பலமும் கூடுகிறது.

எந்த ஃபான்? பழைய கணினியில் இருந்து கழற்றிய 12 வோல்ட், 120 மில்லிமீற்றர் ஃபான் ஒன்று இரண்டடித் தொட்டிக்குத் தாராளம். 2, 3 வாட்தான் இழுக்கும். இரவு பகலாக ஓடினாலும் மாதம் 2 யூனிற் அளவுதான். மேசை ஃபானும் அதே வேலையைச் செய்யும், ஆனால் 50 வாட் அளவில். நாளுக்கு 10 மணித்தியாலம் என்றால் மாதம் 15 யூனிற். காற்று தண்ணீரின் மேல் சாய்வாகத் தடவிப் போக வேண்டும், மேற்பரப்பில் மெல்லிய அலை தெரிய வேண்டும். யன்னலைப் பூட்டி வைத்துக்கொண்டு ஃபானைப் போட்டால் அறையின் ஈரம் ஏறி, அது சும்மா சுற்றுவதாகத்தான் முடியும். வயரைத் தொட்டி விளிம்புக்குக் கீழே ஒரு தொங்கலாக விட்டுப் பிறகு பிளக்குக்குக் கொண்டுபோனால், வயர் வழியே வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும். மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்திவிடும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் 230 வோல்ட் ஃபானைத் தண்ணீருக்கு மேலே கட்டுவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். 12 வோல்ட் ஃபானை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அந்தத் தண்ணீர்ச் சிக்கல். ஃபான் பூட்டிய தொட்டியில் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியவே இறங்கும். கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும். சில நாளில் அதற்குக் கீழே இன்னொன்று. நகத்தால் சுரண்டினால் மாவாக வராது, சிப்பி ஓடு மாதிரிக் கரகரக்கும். கேத்திலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, அதில் கரைந்திருந்தது எல்லாம் தொட்டியில் தங்கிவிடுகிறது. அந்த இடத்தை மறுபடியும் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் புதுச் சுண்ணாம்பும் சேர்கிறது. நாளுக்கு அரை லீற்றர் என்றால் மாதம் 15 லீற்றர். அதாவது தொட்டியில் ஏற்கனவே உள்ள உப்புக்களில் 30 வீதம் மாதந்தோறும் கூடுதலாக வந்து சேரும். மொலிக்கும் கப்பிக்கும் இது பரவாயில்லை, கடின நீரில் நன்றாக வாழ்கிற மீன்கள். ரெட்ராவுக்கும் ஏஞ்சலுக்கும் கெடுதல்.

தீர்வு இலகுவானது. ஆவியான அளவை நிரப்புவதற்கு உப்பை வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர். கிழமைக்கொருமுறை பழைய தண்ணீரை இறைத்துவிட்டு மாற்றுவதற்குக் கிணற்றுத் தண்ணீர். குடிக்க வாங்கும் ஆர்.ஓ. கானில் இருந்து நாளுக்கு அரை லீற்றர் எடுத்தால் வீட்டில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழையில் முதல் மழையை விட்டுவிட்டு, பிறகு வருவதை மூடியுள்ள பரலில் பிடித்து வைத்தால் சித்திரை வரைக்கும் காணும். மூடாமல் வைத்தால் நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து நிற்பார். கண்ணாடியில் விழுந்த வெள்ளைக் கோட்டை, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதியில் மட்டும், வினாகிரி தோய்த்த துணியால் துடைத்தால் போய்விடும்.

ஐஸ் போத்தலுக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல பெயர், ஏனென்றால் செலவில்லை என்ற எண்ணம். ஒரு கிலோ ஐஸ் உருகி, 28 பாகை வரை சூடாகும்போது 450 கிலோயூல் அளவு வெப்பத்தை எடுக்கும். நமது 50 லீற்றர்த் தொட்டியில் அது 2 பாகை. அதே ஒரு லீற்றர் தண்ணீரை ஃபான் ஆவியாக்கினால் ஐந்து மடங்கு வேலை நடக்கும் என்று மேலே பார்த்தோம். அந்த ஐஸைச் செய்ய பிரிட்ஜ் இழுத்த கறண்டும், அது பின்பக்கத்தால் வீட்டுக்குள் விட்ட சூடும் தனிக் கணக்கு. இதைவிட மோசம் அந்த ஏற்ற இறக்கம். மத்தியானம் போத்தலைப் போட்டதும் 2 பாகை சடாரென்று இறங்கும், ஐஸ் உருகி முடிந்ததும் பின்னேரத்துக்குள் பழைய இடத்துக்கே ஏறும், அடுத்த நாளும் அதே கதை. சீராக 31-இல் நிற்கிற தண்ணீரைவிட 32-க்கும் 30-க்கும் இடையில் ஆடுகிற தண்ணீர் மீனை அதிகம் களைக்கப்பண்ணும். வெள்ளைப்புள்ளி நோய் அந்தக் களைப்பைப் பார்த்துத்தான் வரும். போட்டேதான் ஆகவேண்டும் என்றால் அரை லீற்றர்ப் போத்தலாகப் போடுங்கள், முக்கால்வாசி மட்டும் நிரப்பி உறைய வையுங்கள், மூடியை இறுக்குங்கள். ஐஸ் கட்டியை நேரே தண்ணீருக்குள் கொட்ட வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீர் மாற்றிக் குளிராக்குவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிணற்று நீர் வருடம் முழுக்க 28 பாகைக்கு அண்மையில் நிற்கும். 32-இல் உள்ள தொட்டியில் 10 லீற்றரை மாற்றினால் 0.8 பாகை குறையும். அமோனியாவைக் குறைப்பதற்கு அது நல்லது, குளிருக்கு அல்ல. ஒரு எச்சரிக்கை மட்டும்: மத்தியானத்தில் மேலே உள்ள கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கியில் இருந்து வரும் தண்ணீரைப் பிடித்து ஊற்றாதீர்கள். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும், தொட்டியைவிட அது சூடு. தோட்டக்காணிகளுக்கு நடுவே உள்ள கிணறு என்றால் உரத்தால் நைத்திரேற்றும் கூடுதலாக இருக்கும். அந்தத் தண்ணீரை வைத்து அடிக்கடி மாற்றி லாபம் குறைவு.

ஏசி? வீட்டாருக்காக ஏற்கனவே இரவில் ஓடுகிற அறை இருந்தால், அதில் சின்னத் தொட்டி நிற்கலாம். ஏசி காற்றை உலர்த்துவதால் மூடி இல்லாத தொட்டியில் ஆவியாவதும் கூடும், இரண்டு வகையிலும் குளிரும். ஆனால் இரவில் 24-இல் வைத்துவிட்டுக் காலையில் நிறுத்துவது ஐஸ் போத்தலின் ஆட்டத்தையே இன்னொரு விதமாகக் கொண்டுவரும். 27-இல் வைத்தால் ஆட்களுக்கும் மீனுக்கும் ஒத்துவரும். மீனுக்காக மட்டும் ஏசி போடுவது, சொல்லப்போனால், காசுக்குப் பிடித்த கேடு.

சில்லர் மட்டும்தான் சொன்ன வெப்பநிலையில் நிறுத்தித் தரும். 25 என்றால் 25. பிரிட்ஜில் இருப்பதுபோல் ஒரு கம்பிரசர், அதற்குத் தண்ணீர் தள்ள ஒரு மோட்டர். 150 வாட் இழுக்கிற ஒன்று நாளில் பாதி நேரம் ஓடினால் மாதம் 54 யூனிற். பாவிக்கிற யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் படிப்படியாக ஏறுகிற நாட்டில் இந்த 54 தனியாக வராது, வீட்டின் மற்ற யூனிற்றுகளையும் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். தொட்டியில் எடுத்த சூட்டை அது அதே அறைக்குள்தான் விடும் என்பதால் அறை இன்னும் புழுங்கும். பழுதானால் திருத்துகிறவரைத் தேட வேண்டும். விலை குறைந்த, கம்பிரசர் இல்லாத சின்ன மின்குளிரூட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவை அகற்றுகிற வெப்பத்தைவிட இழுக்கிற மின்சாரம் பெரும்பாலும் கூட. அவற்றை விட்டுவிடுங்கள். கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கிறவருக்கு மட்டும் சில்லர் ஆடம்பரம் இல்லை. பவளம் 25 முதல் 27 பாகையில் சீராக நிற்க விரும்பும். வெப்பம் சில பாகை கூடி நாட்கணக்கில் நின்றால் வெளிறிவிடும்.

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது எந்த மீன் என்ற கேள்வி. மீன் கடையில் நடக்கிற கதை வழக்கமாக இப்படித்தான் போகும்:

"அண்ணை, கோல்ட் ஃபிஷ் இந்த வெக்கைக்குத் தாங்குமோ?"

"தாங்கும் தம்பி. ரெண்டடித் தொட்டியெண்டா ரெண்டுக்கு மேல போடாதேயும்."

கடைக்காரர் சொல்வது பொய் இல்லை, தாங்கும். ஆனால் கோல்ட் ஃபிஷ் 18 முதல் 24 பாகைக்குள் நன்றாக இருக்கிற மீன். யாழ்ப்பாணத்தில் அது வருடம் முழுக்கத் தாங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். கழிவும் அதிகம், ஒட்சிசனும் அதிகம் வேண்டும். வெக்கைக் காலத்தில் முதலில் மேலே வந்து வாய் திறப்பது அதுவாகத்தான் இருக்கும். நியோன் ரெட்ராவும் 26-க்கு மேலே விரும்பாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சில்லர் விலை விசாரிப்பதைவிட, கப்பி, மொலி, பிளாற்றி என்று மாறினால் 28, 29-இல் ஒரு கவலையும் இல்லை. கிணற்றுத் தண்ணீரும் அவற்றுக்குப் பிடிக்கும். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக்கூடியவை, ஒட்சிசன் குறைந்தாலும் சமாளிக்கும். டிஸ்கஸ் 28 முதல் 30 வரை கேட்கிற மீன், எங்கள் வெக்கை அதற்குச் சந்தோஷம். ஆனால் மென்மையான தண்ணீர் வேண்டும், அங்கே கிணறு கைவிடும்.

கறண்ட் நிற்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், அதுவும் வெக்கைக் காலத்திலேயே. சில்லரும் ஏசியும் அன்றைக்கு வெறும் பெட்டிகள். 12 வோல்ட் ஃபானை, அந்த நாட்களில் பலர் இணைய ரவுட்டருக்காக வாங்கிய சின்ன யூபிஎஸ்ஸிலேயே ஓட்டலாம், வோல்ட்டளவும் முனையும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றரியில் ஓடும் காற்று மோட்டர் ஒன்று அதைவிட அவசியம். அதுவும் இல்லாவிட்டால் ஒரு சுண்டில் தண்ணீரை அள்ளி, சாண் உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள், அதுவே காற்றைக் கலக்கும். பிரிட்ஜில் உறைய வைத்த அரை லீற்றர்ப் போத்தலுக்கும் உண்மையான வேலை வருவது இந்த நேரத்தில்தான்.

சில்லருக்கென்று ஒதுக்கிய காசு கையில் இருந்தால், அதில் மூன்றடித் தொட்டி ஒன்று வாங்குவது பற்றியும் யோசிக்கலாம். 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 160 லீற்றர் அளவு. சராசரி வெப்பநிலை குறையாது, ஆனால் மத்தியான ஏற்றம் மெதுவாகும், அதே மீன்களுக்கு மூன்று மடங்கு தண்ணீர் கிடைக்கும். அதற்கு ஃபான் ஒன்று போதாது, இரண்டு பூட்ட வேண்டும். தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து 150 கிலோவுக்கு மேலே வரும் என்பதால் பழைய ரி.வி. மேசை தாங்காது, இரும்பு ஸ்ராண்ட் செய்விக்கும்போது நான்கு காலுக்கும் கீழே தகடு ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரைல்ஸ் வெடிக்கும்.